ஆளுக்கொரு சைக்கிள்

வீட்டுக்கு ஒரு சைக்கிள் இருந்த காலத்தில் அது யாருடைய சைக்கிள் என்று யாரும் கேட்டதில்லை. விடிந்ததும் அப்பா அதில் பால் வாங்கப் போவார், ஒன்பது மணிக்கு அலுவலகம் போவார், சாயங்காலம் அவர் திரும்பியதும் அண்ணன் கோதுமையைக் கேரியரில் கட்டிக்கொண்டு மாவு மில்லுக்குப் போவான், அவன் வந்து ஸ்டாண்டு போட்ட பிறகு இருட்டுவதற்குள் கிடைக்கும் கால் மணி நேரத்தில் நான் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்கு பெடல் போட்டுத் தெருமுனை வரை போய்வருவேன். அம்மாவும் அக்காவும் ஞாயிற்றுக்கிழமை அதைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பதோடு சரி. 28 அங்குலச் சக்கரம், நெஞ்சு உயரத்தில் இரும்புப் பார். ஓட்ட ஆசைப்பட்டவர்கள் அந்த உயரத்துக்கு வளர்ந்துகொள்ள வேண்டும், வளரும் வரை குரங்கு பெடல். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இப்போது நானும் என் மனைவியும் ஆளுக்கொரு மலை சைக்கிள் வாங்கியிருக்கிறோம். புதுக்கோட்டையில் மலை எங்கே என்று கேட்பவர்களுக்கு நார்த்தாமலையும் சித்தன்னவாசலும் பதில். மலை என்பதைவிடப் பெரிய பாறைகள் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் அவற்றைச் சுற்றிச் செம்மண்ணும் சரளையுமாக ஓடும் வண்டிப்பாதைகளையும், தைலமரக் காடுகளுக்குள் லாரி போய்வந்து குழி விழுந்த தடங்களையும் பார்த்தவர்கள், தடித்த டயரும் கியரும் வைத்த சைக்கிளுக்கு இதைவிட நல்ல இடம் வேண்டியதில்லை என்று ஒப்புக்கொள்வார்கள். கையில் இருந்தது ஏலச்சீட்டு முடிந்து வந்த 40,000 ரூபாய். இரண்டு சைக்கிளும், இரண்டு ஹெல்மெட்டும், மற்ற உருப்படிகளும் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும் என்று முதலிலேயே பேசி முடித்துவிட்டோம்.

அப்பா சைக்கிள் வாங்கியதை நினைத்துக்கொள்கிறேன். அன்றைக்குச் சைக்கிள் முழுதாக விற்பனைக்கு நிற்காது. பிரேம், ரிம், ஹப், கம்பி, சீட், டைனமோ எல்லாம் தனித்தனியாகக் கடையின் பரணில் தாளும் கிரீஸும் சுற்றிக் கிடக்கும். அப்பா ஹெர்குலிஸ் கட்சி, சித்தப்பா ராலே கட்சி. அம்பத்தூரில் 1949-இல் ஆரம்பித்த டி.ஐ. சைக்கிள்ஸில் செய்து வரும் ஹெர்குலிஸ்தான் நம் ரோட்டுக்குத் தாங்கும் என்று அப்பா சொல்ல, சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொள்ள, கடைக்கார பாய் இருவருக்கும் டீ சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குவார். சக்கரத்துக்குக் கம்பி கோப்பதற்கே அரை நாள் ஆகும். கோத்த சக்கரத்தைக் கவட்டையில் மாட்டிச் சுழலவிட்டு, ஒரு சாக்குக்கட்டியை ரிம்முக்கு அருகில் அசையாமல் பிடிப்பார். கோட்டம் இருக்கும் இடத்தில் மட்டும் கட்டி உரசி வெள்ளைக் கோடு விழும். அந்த இடத்தில் கோடு விழுந்த பக்கத்துக் கம்பியைச் சாவியால் கால் திருகு தளர்த்தி, எதிர்ப்பக்கக் கம்பியைக் கால் திருகு இறுக்கி, மறுபடி சுழலவிட்டு, கோடு விழாமல் சக்கரம் ஓடும் வரை அதையே செய்துகொண்டிருப்பார். நாங்கள் மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்போம். நம் சைக்கிள் நம் கண்முன்னால் பிறந்தது என்ற அந்தச் சந்தோஷத்துக்கு இன்றைக்கு எந்த ஷோரூமிலும் இடம் இல்லை. கடைசியில் ஹப்பில் ஒரு வண்ணக் குஞ்ச வளையத்தை மாட்டுவார். சக்கரம் சுற்றச் சுற்ற அது தானே உருண்டு ஹப்பைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கும். அப்புறம் பிள்ளையார் கோயில், சந்தனப் பொட்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழம். பஞ்சாயத்து ஆபீஸில் லைசென்ஸ் வில்லை வாங்கிக் கட்டிய பிறகுதான் அது முழுச் சைக்கிள் ஆகும்.

இன்றைய கடையில் சைக்கிள்கள் சுவரில் வரிசையாகத் தொங்குகின்றன. விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு உருவத்தைப் பார்த்தால், மட்கார்டு இல்லை, செயின் கவர் இல்லை, கேரியர் இல்லை, மணி இல்லை, சிலவற்றில் ஸ்டாண்டுகூட இல்லை. அப்பாவின் ஒரு மாதச் சம்பளத்தில் வந்த சைக்கிளில் இவையெல்லாம் கேட்காமலே வந்தன. இப்போது பாதி உருப்படிகளைக் கழற்றிவிட்டு விலையை ஏற்றி, கழற்றியவற்றைப் பக்கத்து அலமாரியில் தனித்தனி விலையில் வைத்திருக்கிறார்கள். மண்பாதையில் குதித்துப் போகிற சைக்கிளில் செயின் கவர் கடகடவென்று ஆடும், ஸ்டாண்டு கல்லில் தட்டும், எடை ஏறும் என்று கடைப் பையன் பொறுமையாக விளக்கினான். அவன் சொன்னது சரிதான். இருந்தாலும் மணி இல்லாத சைக்கிளைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

அந்தப் பையன் அடுத்துக் கேட்டதுதான் என்னை நிறுத்தியது. என் மனைவியைப் பார்த்து, "அம்மா, உங்க உயரம் எவ்வளவு?" என்றான். அவள் என்னைப் பார்த்தாள். சைக்கிள் விஷயத்தில் அவளுடைய உயரத்தை இதுவரை யாரும் கேட்டதில்லை.

அவள் சைக்கிள் கற்றுக்கொண்டது 1991-க்குப் பின்வந்த அறிவொளி நாட்களில். இந்த மாவட்டத்தில் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் புறப்பட்ட இயக்கம், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முனைப்பில் சைக்கிளையும் பாடத்தில் சேர்த்துக்கொண்டது. தண்ணீர்க் குடத்துக்கும் பஸ்ஸுக்கும் அண்ணன் தம்பிக்கும் காத்திருந்தே பாதி நாளைக் கழித்த பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி நாடே படித்தது. வயலில் வேலை செய்கிறவர்கள், கல் உடைக்கிறவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கில் பெண்கள் ரோட்டுக்கு வந்தார்கள். அத்தனை பேருக்கும் லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லை. ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள், சேலையைச் செருகிக்கொண்டு பாருக்கு மேல் காலைத் தூக்கிப் போட்டார்கள். பார் இருந்தால் குழந்தையை முன்னால் உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு. என் மனைவி ஓட்டியது அவள் அப்பாவின் கறுப்பு அட்லஸ். பெடல் கீழே போகும்போது நுனிக்கால் மட்டும் தொடும். இறங்க வேண்டுமென்றால் திண்ணையோ மைல்கல்லோ பார்த்துத்தான் நிறுத்துவாள். அந்தச் சைக்கிளில் ராத்திரி வகுப்புக்குப் போய் எழுத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டுத் தனியாகத் திரும்பிய பெண்ணைத்தான் நான் கல்யாணம் செய்துகொண்டேன். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமை.

அதனால் எங்கள் பணத்தில் முதல் உரிமை அளவுக்கு என்று முடிவு செய்தோம். ஒரே மாடலில் அவளுக்கு எஸ், எனக்கு எல். இரண்டு காலையும் தரையில் ஊன்றிப் பாரின் மேல் நின்றால் இரண்டு அங்குலமாவது இடைவெளி இருக்க வேண்டும், சீட்டில் உட்கார்ந்து குதிகாலைக் கீழ்ப் பெடலில் வைத்தால் முழங்கால் நேராக வேண்டும், ஹேண்டில் பாரைப் பிடிக்கத் தோளை எட்டி இழுக்கக் கூடாது. இந்த மூன்றும் சரியாக அமைந்தால் மற்ற குறைகளோடு வாழ்ந்துவிடலாம். இது அமையாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்தாலும் அந்தச் சைக்கிள் சீக்கிரமே மாடிப்படிக்கு அடியில் போய்ச் சேரும்.

டபுள் ஷாக் வைத்த சைக்கிள் ஒன்று அதே விலையில் நின்று எல்லோர் கண்ணையும் இழுத்தது. அந்த விலையில் பின் ஷாக் என்பது ஒரு கனமான ஸ்பிரிங், அவ்வளவுதான். நாம் மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கை அது ஆடியே தின்றுவிடும். முன்னால் மட்டும் ஷாக், அலாய் பிரேம், 15 கிலோவை ஒட்டிய எடை, 27.5 அங்குலச் சக்கரம், கேபிளில் இழுக்கும் டிஸ்க் பிரேக் என்று நிறுத்திக்கொண்டோம். எண்ணெயில் வேலை செய்யும் டிஸ்க் பிரேக் நன்றாகப் பிடிக்கும், ஆனால் அது பட்ஜெட்டைத் தாண்டியது. கேபிள் என்றால் அறுந்தாலும் நம் ஊர்க் கடையிலேயே மாற்றிவிடலாம். முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. முன்னே 24 பல், பின்னே 28 பல்லில் செயினைப் போட்டால் பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது சக்கரம் ஒரு முழுச் சுற்றுகூடச் சுற்றுவதில்லை. அப்பாவின் ஹெர்குலிஸில் ஒரு மிதிக்குச் சக்கரம் இரண்டரைச் சுற்றுச் சுற்றும். சமதளத்தில் அது ராஜா, மேட்டில் நம் தொடை வலிமைதான் கியர்.

தொண்ணூறுகளில் 'எம்.டி.பி', அதாவது மலை சைக்கிள், என்று பக்கவாட்டில் எழுதிய சைக்கிள்கள் நம் ஊருக்கு வந்தபோது நேர் ஹேண்டில் பாரும் தடித்த டயரும் இருந்தன, பல மாடல்களில் கியர் மட்டும் இல்லை. கல்லூரிப் பையன்கள் அதற்காகவே வீட்டில் சாப்பிடாமல் கிடந்தார்கள். அந்த எழுத்துகளின் ஊற்று கலிபோர்னியாவில் மரின் கவுண்டி என்னும் மலைப்பகுதி. 1976-இல் சார்லி கெல்லியும் கேரி ஃபிஷரும் அவர்கள் கூட்டாளிகளும் 1930, 40-களில் செய்த ஷ்வின் கம்பெனியின் பழைய கனத்த சைக்கிள்களை மலையுச்சிக்கு ஏற்றி, மண்பாதையில் கீழே பந்தயம் விட்டார்கள். பெடலைப் பின்னால் மிதித்துப் பிடிக்கும் பிரேக். இறங்கி முடிவதற்குள் ஹப்பில் இருந்த கிரீஸ் சூட்டில் எரிந்து புகைந்துவிடும், மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அந்தக் கூட்டத்தில் கூடவே ஓட்டியவர், அந்த நாட்களைப் படம் பிடித்து வைத்தவர் வெண்டி கிராக் என்ற பெண்மணி. அடுத்த ஆண்டே அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் இதற்கென்றே ஒரு பிரேமைச் செய்தார். 1996-இல் மலை சைக்கிள் பந்தயம் அட்லாண்டா ஒலிம்பிக்ஸ் வரை போயிற்று. படித்தபோது எனக்கு நம் பால்காரர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். டபுள் பார் சைக்கிளில் இரண்டு பக்கமும் கேன் தொங்க, வரப்பிலும் ஆற்று மணலிலும் விடியற்காலையில் அவர்கள் ஓட்டியதற்கு நேரம் குறிக்க ஆளில்லை.

சைக்கிள் இரண்டுக்கும் 33,000 ஆயிற்று. மீதியில் ஹெல்மெட், மட்கார்டு, ஸ்டாண்டு, விளக்கு, பம்பு, கூடுதல் டியூப், சின்ன ஸ்பேனர் கட்டு, அப்புறம் நான் வற்புறுத்தி வாங்கிய இரண்டு மணி. பழைய சைக்கிளில் காற்று இறங்கினால் நாலணாவுக்கு வால்வ் டியூப் என்று ஒரு துண்டு ரப்பர் வாங்கி எச்சில் தொட்டு மாட்டினால் தீர்ந்தது. இதற்கு மோட்டார் சைக்கிள் வால்வு, பெட்ரோல் பங்கிலேயே காற்றடிக்கலாம், அந்த வகையில் முன்னேற்றம்தான். சீமைக்கருவேல முள்ளுக்கு மட்டும் அன்றும் இன்றும் வித்தியாசம் தெரிவதில்லை. தடித்த டயரையும் ஊசியாகத் துளைக்கிறது. பஞ்சர் ஒட்டக் கடை இருக்கிறது. கியர் தடுமாறினால் சரிசெய்ய ஆள் தேட வேண்டியிருக்கிறது. தெருவுக்குத் தெரு வாடகை சைக்கிள் கடை வைத்து, நோட்டில் நேரம் எழுதி, பிளேடு மாதிரி ஒரு பார்வையில் பால்ரஸ் தேய்ந்ததைச் சொல்லிவிடும் மெக்கானிக்குகள் போய்விட்டார்கள். அவர்களை இழந்ததுதான் பெரிய நஷ்டம் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. கல்யாணமான புதிதில் ஒரே சைக்கிள். அவள் கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்து சீட்டு ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொள்வாள். டபுள்ஸ் போனால் போலீஸ்காரர் பிடிப்பார், விளக்கில்லாவிட்டால் காற்றைப் பிடுங்குவார் என்ற பயத்தோடு சந்து சந்தாக சினிமாவுக்குப் போவோம். என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஊர்க்கதை முழுக்க வந்துகொண்டே இருக்கும். மேடு வந்தால் குதித்து இறங்கிவிடுவாள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இருவரும் நடப்போம், எங்கள் வீட்டு முக்கிய முடிவுகள் பலவும் அந்த மேடுகளில் எடுத்தவைதான். இப்போது அதே மாதிரி மேட்டில் அவள் சின்னக் கியருக்கு மாற்றிக்கொண்டு இறங்காமலே ஏறிவிடுகிறாள். நான் பின்னால் வருகிறேன். காற்றில் ஒருவர் சொல்வது மற்றவருக்குப் பாதிதான் கேட்கிறது. பேச வேண்டியதைச் சித்தன்னவாசல் பாறை நிழல் வரைக்கும் சேர்த்துவைத்துக்கொள்கிறோம்.

அன்னவாசல் சந்தையில் காய் வாங்கி வரலாம் என்பது அவளுடைய அடுத்த திட்டம். பிரேமில் கேரியர் மாட்டத் துளை இருக்கிறதா என்று பார்த்துத்தான் இரண்டையும் வாங்கினோம். அவள் சைக்கிளுக்கு ஒன்று போதும் என்கிறாள், என் சைக்கிளுக்கும் ஒன்று வேண்டும் என்று நான் நிற்கிறேன்.