ஆயக்கட்டு இல்லாத ஏரி

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டுக்கும் நடுவில் மேட்டில் கிடக்கும் செந்துறைப் பக்கத்து ஊர்களுக்கு எந்த ஆற்றுத் தண்ணீரும் ஏறாது. முந்திரி, கம்பு, சோளம் எல்லாம் மானாவாரி. நெல்லுக்கு ஏரிதான் கதி. ஐப்பசியில் அடைமழை பிடித்தால் மேலூர் ஏரி நிரம்பி, கலிங்கு வழியாக எங்கள் ஏரிக்குத் தண்ணீர் வரும். எங்கள் ஏரி நிரம்பினால் கீழூருக்குப் போகும். இப்படி ஒன்றின் மிச்சத்தில் இன்னொன்று நிரம்பிக்கொண்டே போகும்.

எழுபதுகளில் நான் பையன். மதகு திறக்கும் அன்று பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கரைக்கு ஓடுவோம். இரண்டு கல்தூண்களுக்கு நடுவே செங்குத்தாக ஒரு கழி நிற்கும். அதன் அடியில் மரத்தில் கடைந்த அடைப்பு. அடைப்பில் சேறு இறுகிவிட்டால் கழியை மேலேயிருந்து அசைக்க முடியாது. எங்கள் பெரியப்பா இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு முங்குவார். கயிற்றின் மறுமுனை இரண்டு பேர் கையில் இருக்கும். அவர் மேலே வரும் வரை கரையில் ஒருவரும் பேச மாட்டார்கள். தலை தெரிந்ததும் முதலில் கேட்பது, “வாய்க்கால்ல வருதா?” என்றுதான்.

கோடையில் ஏரி வற்றும்போது உள்வாயில் யாராவது நாலு சால் கூடுதலாக ஓட்டிக் கம்பு விதைத்தால் அன்று மாலையே ஊர் கூடிவிடும். அபராதம் பெரிய தொகையாக இருக்காது. ஆனால் ஏரிக்குள் இறங்கியவர் என்ற பெயரோடு ஊருக்குள் நடமாடுவது எளிதல்ல.

எண்பதுகளின் தொடக்கத்தில் படிக்கச் சென்னைக்குப் போனேன். கோடம்பாக்கத்தில் இருந்த சித்தப்பா ஒருநாள் வள்ளுவர் கோட்டத்துக்குக் கூட்டிப்போனார். 1976-ல் திறக்கப்பட்ட கோட்டம், அப்போது புதுக்கருக்கு மாறாமல் இருந்தது. திருவாரூர்த் தேர் போலக் கல்லில் எழுந்து நின்ற அந்த 39 மீட்டர் தேரை நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, சித்தப்பா தரையைக் காட்டினார். “இங்கதாண்டா தம்பி, ஏரி இருந்துச்சு.”

மாம்பலத்துக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் இடையே நீண்டு கிடந்த ஏரி அது. ஆங்கிலேயர் அதை ‘லாங் டேங்க்’ என்றார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதில் படகுப் போட்டி நடத்தினார்கள். 1920-ல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மாம்பலம் ஏரியை வடித்து, தெருக்கள் வகுத்து, பனகல் பூங்காவை நடுவில் வைத்து, தியாகராய நகரை எழுப்பினார்கள். அன்றைக்கு அதைத் திட்டமிட்டவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. நகரம் நெருங்கிக்கொண்டிருந்தது, அகலமான தெருவும் பூங்காவும் பள்ளியும் உள்ள குடியிருப்பு ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வாழ்வு கொடுத்தது. சுற்றிலும் மழைநீர் இறங்க மண்ணும் தோப்பும் இருந்த காலம் அது.

அதையே வழக்கமாக்கிக்கொண்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த வீட்டு வசதி வாரியத்துக்கு நடுத்தரக் குடும்பங்களுக்கு வீடு கட்டித்தர நிலம் வேண்டியிருந்தது. பட்டா நிலத்தைக் கையகப்படுத்தினால் பணம், வழக்கு, தாமதம். ஏரி என்றால் அது ஏற்கெனவே அரசு நிலம். முகப்பேர் ஏரித் திட்டம் என்று திட்டத்தின் பெயரிலேயே ஏரி இருக்கிறது. இதற்குச் சொல்லப்பட்ட நியாயம் இதுதான்: ஆயக்கட்டு வயல்கள் எல்லாம் மனையாகிவிட்டன, பாசனம் இல்லை, ஆகவே ஏரி பயனற்றது.

மதகைத் திறந்து பார்த்தவர்கள் யாரும் இப்படி எழுதியிருக்க மாட்டார்கள். எங்கள் ஏரியில் வயலுக்குப் போன தண்ணீர் ஒரு பங்கு. சித்திரை வெயிலிலும் ஊர்க்கிணறு ஊறியது இன்னொரு பங்கு. பெருமழை நாளில் கீழூரை மூழ்கடிக்காமல் தண்ணீரை நிறுத்திவைத்தது எல்லாவற்றையும்விடப் பெரிய பங்கு. ஆயக்கட்டு போனால் முதல் பங்குதான் போகும். ஊர் நகரமாகி மண்ணெல்லாம் சிமென்ட் ஆனபின் மூன்றாவது பங்கின் தேவை பல மடங்காகும்.

சிமென்ட் என்றதும் எங்கள் மாவட்டம் நினைவுக்கு வராமல் இருக்காது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அரியலூர்ப் பக்கம் கடல். அதன் கிளிஞ்சலும் சிப்பியும் படிந்த சுண்ணாம்புக் கல்லைத்தான் வெட்டி எடுத்து ஆலைகளில் அரைக்கிறார்கள். அரியலூரில் அரசு சிமென்ட் ஆலையே இருக்கிறது. மூட்டை மூட்டையாக ரயிலிலும் லாரியிலும் அது வடக்கே போகும்போது, எந்த ஏரியின் வயிற்றுக்குள் இறங்கப்போகிறதோ என்று எண்ணுவேன்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. வேளச்சேரியில் தெருவுக்குள் படகு போனதை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அதே வேளச்சேரி, கூடவே பள்ளிக்கரணை. இதில் என்னை விடாமல் உறுத்துவது ஏழைகளுக்கு நடந்தது. வெள்ள அபாயம் என்று அடையாறு, கூவம் கரைகளிலிருந்து எடுக்கப்பட்ட குடும்பங்களில் பலருக்கு மாற்று வீடு பெரும்பாக்கத்தில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியே கொடுக்கப்பட்டது. ஒரு வெள்ளத்திலிருந்து தூக்கி இன்னொரு வெள்ளத்தில் விட்டார்கள். வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் பல மைல் தள்ளிப் போனது தனி இழப்பு.

நெதர்லாந்தில் இதே கணக்கைத் திருப்பிப் போட்டார்கள். நைமேகன் நகரில் வால் ஆற்றின் கரையையே 350 மீட்டர் பின்னுக்குத் தள்ளி, குறுக்கே இருந்த வீடுகளை எடுத்து, ஆற்றுக்கு இடம் விட்டார்கள். கடல் மட்டத்துக்குக் கீழே நிலம் உள்ள நாடு செய்ததை, ஏரி வெட்டியே பிழைத்த நாம் செய்ய முடியாதா?

சட்டம் இல்லாமல் இல்லை. நில வகைப்பாட்டை மாற்ற 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் முறை இருக்கிறது. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ல் தனிச் சட்டமே வந்தது. ஆனால் அது பொதுப்பணித் துறை ஏரிகளுக்குத்தான். ஊராட்சி ஒன்றியத்தின் சின்ன ஏரிகளும் குட்டைகளும் அதன் கைக்குள் வரவில்லை. செந்துறைப் பக்கம் இருப்பவற்றில் பல அந்தச் சின்ன வகை.

இப்போது ஊருக்குப் போகும்போதெல்லாம் சாலையோரம் மனைக்கற்கள் நட்டுக் கொடி கட்டியிருக்கிறார்கள். 2007-ல் அரியலூர் மறுபடி தனி மாவட்டமான பிறகு இது வேகம் பிடித்தது. மக்களுக்கு வேண்டியதும் கூடியிருக்கிறது: சமுதாயக் கூடம், அங்கன்வாடி, ரேஷன் கடை, தொகுப்பு வீடுகள். எல்லாமே வேண்டும். எங்கே கட்டுவது என்றதும் கண் போவது ஏரிப் புறம்போக்குக்குத்தான். வரத்து வாய்க்கால் தூர்ந்து, உள்வாயில் சீமைக்கருவேலம் மண்டி, ஐந்தாறு வருஷம் நிரம்பாமல் கிடந்தால், “அது இப்ப ஏரியா என்ன?” என்று கேட்கும் தலைமுறை வந்துவிட்டது. விழுப்புரத்தில் ஏரிக்குள் பேருந்து நிலையம் கட்டினார்கள்; ஒவ்வொரு பெருமழைக்கும் அது குளமாகிறது. திருநெல்வேலியில் வேய்ந்தான்குளம், மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை அமைந்த உலகனேரி என்று பட்டியல் நீளும்.

எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே வேறு வழியும் தெரிகிறது. கரைவெட்டி ஏரி 2024-ல் ஈரநிலங்களுக்கான பன்னாட்டு ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அங்கே பாசனமும் நடக்கிறது, வலசைப் பறவைகளும் வருகின்றன. செந்துறைப் பக்கத்துச் சின்ன ஏரிக்கு ராம்சார் பெயர்ப்பலகை வேண்டாம்; எல்லைக்கல் போதும்.

ஆகவே அடுத்த கிராம சபைக்கு நாங்கள் நாலைந்து பேர் மனு எழுதி வைத்திருக்கிறோம். ஏரி நிரம்பினால் தண்ணீர் எது வரை நிற்கும் என்று அளந்து கல் நட வேண்டும். வரத்து வாய்க்கால் முழுவதையும் அளந்து ஊராட்சிப் பலகையில் எழுத வேண்டும். சமுதாயக் கூடத்துக்கும் தொகுப்பு வீட்டுக்கும் மேட்டுப் புறம்போக்கில் இரண்டு இடம் பார்த்து, புல எண்ணோடு மனுவில் சேர்த்திருக்கிறோம். பெரியப்பா மகன் அண்ணன் முதல் கையெழுத்துப் போட்டார். அவருக்கு இப்போது ஏரிப் பாசனத்தில் ஒரு குழி நிலம்கூட இல்லை.