எஜமானரைக் காணவில்லை!

கேள்வி: வேட்டை நாய்க்கு ஜி.பி.எஸ். கட்டுகிறார்களாமே, மோப்பம் பிடிக்கிற நாய்க்கே வழி தெரியாதா? (வாசகர், தேனி)

பதில்: நாய்க்கு வழி தெரியும். தெரியாமல் முழிப்பது, பின்னால் மூச்சிரைக்க ஓடும் எஜமானர்தான்! பின்லாந்தில் மூஸ் என்ற ராட்சத மானைத் தேடிப் போகும் நாய், அவிழ்த்துவிட்டால் கிலோமீட்டர் கணக்கில் காட்டுக்குள் போய்விடும். மூஸைக் கண்டதும் எதிரே நின்று, ஆள் வந்து சேரும்வரை குரைத்தே அதை நிறுத்தி வைக்கும். (நம் தெருநாய்கள் ஸ்கூட்டர்காரர்களிடம் இதைச் சம்பளமில்லாமல் செய்கின்றன.)

நாயின் ஜி.பி.எஸ். கழுத்துப்பட்டை தன் இடத்தைச் செயற்கைக்கோள் துணையோடு கணித்து, செல்போன் டவர் வழியாக எஜமானருக்குத் தெரிவிக்கிறது. நிமிடத்துக்கு எத்தனை குரைப்பு என்றுகூட எண்ணிச் சொல்லும் பட்டைகள் உண்டு. பட்டைக்கே போன் போட்டு, குரைப்பைக் காதாரக் கேட்கலாம். நாய் 'ஹலோ' சொல்லாது, அவ்வளவுதான்.

டவர் இல்லாத காடா? அமெரிக்காவில் ரக்கூன் என்ற சிறு விலங்கை வேட்டையாடுபவர்கள், ரேடியோ அலையில் நேரடியாகத் தகவல் அனுப்பும் பட்டை கட்டுகிறார்கள். ரக்கூனை மரத்தில் ஏற்றிவிட்டு நாய் அடியில் நின்றால், எஜமானர் கையிலுள்ள கார்மின் நிறுவனக் கருவி அதையும் படம் போட்டுக் காட்டும்.

பேட்டரி தீர்ந்தால்? பழைய முறைதான்: தொண்டை கிழியக் கூப்பிட வேண்டியது.