அண்ணாச்சியின் உள்ளங்கை

நாகர்கோவில் கோட்டாறு கடைத்தெருவில் எங்கள் வீட்டுக்குப் பற்று இருந்த பலசரக்குக் கடையை நினைத்தால், வத்தலும் கருப்பட்டியும் கலந்த மணத்தோடு அண்ணாச்சியின் நீளமான பற்றுப் புத்தகமும் நினைவில் வந்துவிடும். கன்னிப்பூப் போகம் அறுத்துப் பாதி, கும்பப்பூப் போகம் அறுத்து மீதி என்று நெல் விற்ற காசு வரும்போதுதான் அதில் கணக்கு நேராகும், அதுவரை உப்பும் புளியும் நல்லெண்ணெயும் அம்மா சொல்லிவிட்டபடி எழுதிக்கொண்டே போவார், உங்கள் வீட்டிலும் அப்படித்தானே? நாலு பேர் நிற்கும்போது பாக்கியைக் கேட்கவே மாட்டார். பக்கத்தில் நிற்பவர் எட்டிப் பார்த்தால், உள்ளங்கையை விரித்துப் பக்கத்தை மூடிக்கொண்டு, “உமக்கு என்ன வேணும் வோய்?” என்பார்.

அன்று கடனெல்லாம் ரகசியமாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. யார் வீட்டுச் சங்கிலி அடகில் கிடக்கிறது என்பது குளத்துப் படித்துறைக்குத் தெரியும். ஆனால் அந்தச் சேதி ஊர் எல்லையைத் தாண்டாது. எல்லை தாண்டிப் போன நம்மாளுக்குப் பற்று கொடுக்கவும் ஆள் இருக்காது. 2000-இல் சிபில் என்ற கடன் தகவல் நிறுவனம் வந்தது. பின்னாளில் 300-க்கும் 900-க்கும் இடையில் ஒரு எண்ணை நம் தலையில் எழுதியது. அந்த எண்ணை நம்பித்தான் இன்று நாகர்கோவில் பையன் பெங்களூரில் யார் சிபாரிசும் இல்லாமல் வீட்டுக்கடன் வாங்குகிறான். இது பெரிய காரியம், மறுக்க மாட்டேன்.

அதன் பின்னால் வந்த கடன் செயலிகளைத்தான் மனசு ஏற்க மறுக்கிறது. தொலைபேசியில் இருக்கும் பெயர்களையெல்லாம் அள்ளிக்கொண்டு, தவணை தவறியவரின் மாமனுக்கும் மச்சானுக்கும் கூப்பிட்டு மானத்தை வாங்கினார்கள்; உயிரை விட்டவர்களும் உண்டு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் நம் தொடர்புப் பட்டியலையும் படங்களையும் தொடக்கூடாது என்று விதி போட்டது. யாரும் சொல்லாமலே அண்ணாச்சியின் உள்ளங்கை செய்துவந்த வேலைதான் அது. ஆனாலும் ரிசர்வ் வங்கிக்குக் கட்டுப்படாத கள்ளச் செயலிகளை அந்த விதி எட்டுவதில்லை. அங்கே மூடிக்கொள்ள வேண்டிய கை நம்முடையது. அதுபோல, ஆதார் நகல் கேட்கும் இடத்திலெல்லாம் முழு எண்ணையும் நீட்ட வேண்டியதில்லை, கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் நகலை ஆதார் தளத்திலேயே எடுக்கலாம்.

பற்றுப் புத்தகத்தில் தப்பு விழுந்தால், “அந்த அரை லிட்டர் எண்ணெய் நாங்க எடுக்கல்லியே அண்ணாச்சி” என்று அம்மா சொல்லுவாள். அவர் மறுபேச்சில்லாமல் அடித்துவிடுவார். அந்த உரிமை இன்றும் இருக்கிறது, கேட்பவர்தான் குறைவு. நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நாம் வாங்காத கடன் அதில் இருந்தால் புகார் செய்யலாம், 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்குமேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் நமக்குத் தர வேண்டும். மகளிர் குழுக் கடனுக்குக் கையெழுத்துப் போட்ட அக்காமார் பலருக்கும் தங்கள் பேரில் அப்படியொரு அறிக்கை இருப்பதே தெரியாது. பக்கத்து வீட்டு அக்காவிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.