கடைசி வரிசைக்கும் தாலி தெரியணும்

லைவ் மிக்சிங் (பல கேமராக்களின் படத்தை அங்கேயே மாற்றி மாற்றித் திரைக்கு அனுப்புவது), லேப்டாப், எல்இடி திரை பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதுங்கள் என்று சொல்லியிருந்தோம். திருச்சியில் காட்டூர், திருவெறும்பூர் பக்கமிருந்துதான் கடிதங்கள் அதிகம். தஞ்சாவூர் ரோட்டில் அந்தப் பக்கம் மண்டபங்கள் நிறைய, சந்தேகங்களும் நிறைய. பதில்கள் இதோ.

கல்யாணம் என்றால் இப்போது மேடைக்கு இரண்டு பக்கமும் எல்இடி திரை, சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு டிவி. இதெல்லாம் அவசியமா?
*வாசகி, கைலாஷ் நகர், காட்டூர்*

முகூர்த்த நேரத்தில் மேடையை ஒரு தடவை பாருங்கள் அம்மா. போட்டோவுக்கு இரண்டு பேர், வீடியோவுக்கு இரண்டு பேர், விளக்கு பிடிக்க ஒரு பையன், தாய்மாமன், நாத்தனார், அட்சதைத் தட்டோடு அத்தைகள். முன்வரிசையில் உட்கார்ந்தவருக்கே மாப்பிள்ளையின் முதுகுதான் தெரியும். ராத்திரி பஸ் ஏறி வந்த பாட்டி கடைசி வரிசையில் உட்கார்ந்து, கெட்டிமேளச் சத்தத்தை வைத்துத் தாலி ஏறிவிட்டது என்று கணக்குப் போட்டு அட்சதை தூவுகிறார். அந்தப் பாட்டிக்காக அவசியம். வேறு காரணமே வேண்டாம்.

திருச்சிக்கும் திரைக்கும் அப்படி என்ன பழைய சொந்தம்?
*ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பொன்மலை*

உங்கள் இலாகா வழியாக வந்த சொந்தம்தான் ஐயா! 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் படம் காட்டும் கருவியோடு ஊர் ஊராகச் சுற்றித் திருச்சிக்கு வந்தார். அவரிடமிருந்து கருவியையும் இயேசுவின் வாழ்க்கை பற்றிய படம் உள்ளிட்ட சுருள்களையும் விலைக்கு வாங்கியவர் தென்னிந்திய ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட். வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு கிளம்பினார். பின்னாளில், 1914இல், கோவையில் வெரைட்டி ஹால் கட்டியவரும் அவர்தான்.

ஒவ்வொரு ஊரிலும் புது இடம், புது இருட்டு, புதுக் கூட்டம். வெளிச்சத்துக்கு வழி பண்ணி, திரையைக் கட்டி, கடைசியில் நிற்பவருக்கும் தெரிகிறதா என்று பார்த்தாக வேண்டும். இன்று காலை காட்டூர், மாலை உறையூர் என்று ஒயர் மூட்டையோடு ஓடும் நம் பிள்ளைகள் செய்வதும் அதே வேலைதான். அவர் காலத்தில் ‘டிரைவர் இன்ஸ்டால்’ தொல்லை மட்டும் இல்லை.

கேமராவிலிருந்து வந்த எச்டிஎம்ஐ ஒயரை லேப்டாப்பில் சொருகினேன். படமே வரவில்லை. லேப்டாப் போய்விட்டதா?
*கல்லூரி மாணவர், துவாக்குடி*

லேப்டாப் நலமாக இருக்கிறது. தம்பி, ஸ்ரீரங்கத்தில் பரமபத வாசலுக்குள் எதிர்த்திசையில் நுழையப் பார்த்தால் என்ன ஆகும்? அதுதான் ஆகியிருக்கிறது. லேப்டாப்பில் இருக்கும் எச்டிஎம்ஐ, படம் வெளியே போவதற்கான வழி. உள்ளே கொண்டுவர ‘கேப்சர் கார்டு’ வேண்டும்.

அதிலும் ஒரு கணக்கு உண்டு. 1920க்கு 1080 அளவில், நொடிக்கு 60 பிரேம், சுருக்காமல் உள்ளே வந்தால் நொடிக்குச் சுமார் 250 மெகாபைட். பழைய யூஎஸ்பி 2 துளையின் உச்சபட்சமே 60 மெகாபைட்தான். அதனால்தான் விலை குறைந்த கார்டுகள் படத்தைக் கசக்கிப் பிழிந்து அனுப்புகின்றன. பட்டுப்புடவைச் சரிகை மங்குகிறது. யூஎஸ்பி 3 கார்டு வாங்குங்கள், யூஎஸ்பி 3 துளையிலேயே சொருகுங்கள். இரண்டு கேமரா என்றால் இரண்டு கார்டையும் ஒரே ஹப்பில் திணிக்காமல் லேப்டாப்பின் தனித்தனித் துளைகளில் போடுங்கள்.

என் லேப்டாப்பில் டைப்-சி இருக்கிறது. அடாப்டர் போட்டு இரண்டு திரை எடுக்கலாம் என்று கடைக்காரர் சொன்னார். ஒன்றுகூட வரவில்லையே?
*வீடியோகிராபர், அரியமங்கலம்*

டைப்-சி என்பது துளையின் வடிவத்துக்கு வைத்த பெயர். உள்ளே என்ன ஓடுகிறது என்பதை அந்தப் பெயர் சொல்லாது. சில லேப்டாப்பில் அது சார்ஜ் ஏற்ற, பைல் மாற்ற மட்டும். துளைக்குப் பக்கத்தில் மின்னல் குறியோ, டிஸ்ப்ளேபோர்ட்டைக் குறிக்கும் ‘டி’ போன்ற குறியோ இருந்தால் படம் போகும். குறி இல்லை என்றால் கம்பெனி வெளியிட்ட விவரத்தாளில் மாடல் எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஆப்பிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. 2020இல் வந்த எம்1 மேக்புக் ஏர் நேரடியாக ஒரே ஒரு வெளித் திரையைத்தான் ஓட்டும். இரண்டு எச்டிஎம்ஐ உள்ள சாதாரண அடாப்டரைச் சொருகினால் இரண்டு திரையிலும் ஒரே படம் தெரியும். உங்களுக்குத் தனி, கூட்டத்துக்குத் தனி என்று பிரியாது. ‘டிஸ்ப்ளேலிங்க்’ வகை அடாப்டர் இந்தத் தடையைத் தாண்டும். ஆனால் அது மென்பொருளால் படத்தைச் சுருக்கி யூஎஸ்பி வழியாக அனுப்புவது. பெயர்ப் பலகை காட்டப் போதும். நாகஸ்வரக்காரரின் விரல் ஓடுவதைக் காட்ட அதை நம்ப மாட்டேன்.

வரவேற்பு நடந்துகொண்டிருந்தபோது என் வாட்ஸ்அப் செய்தி பன்னிரண்டு அடித் திரையில் வந்துவிட்டது. என்ன செய்தி என்று கேட்காதீர்கள். இனி வராமல் இருக்க வழி?
*பெயர் வேண்டாம், திருவெறும்பூர்*

கேட்கவில்லை. விண்டோஸ் பொத்தானோடு ‘பி’யை அழுத்துங்கள். ‘டூப்ளிகேட்’ என்று இருப்பதை ‘எக்ஸ்டெண்ட்’ ஆக்குங்கள். டூப்ளிகேட்டில் உங்கள் மேசையில் இருப்பதெல்லாம் ஊருக்குப் போகும். எக்ஸ்டெண்டில் இரண்டும் இரண்டு வீடு. ஓபிஎஸ் என்ற மிக்சிங் மென்பொருளில் ‘புரோகிராம்’ படத்தின் மேல் வலது கிளிக் செய்து, முழுத்திரை புரொஜெக்டரை இரண்டாவது திரைக்கு அனுப்புங்கள். வீமிக்ஸில் அதற்கென்றே தனி வெளியீட்டுப் பொத்தான் உண்டு.

இதோடு நின்றுவிடாதீர்கள். வாட்ஸ்அப்பை மூடுங்கள். நோட்டிபிகேஷன், ஸ்க்ரீன் சேவர், ஸ்லீப், விண்டோஸ் அப்டேட் நாலையும் நிறுத்துங்கள். இரண்டாவது திரையின் பின்னணியை வெறும் கறுப்பாக வையுங்கள்; மென்பொருள் திடீரென்று மூடிக்கொண்டாலும் கூட்டம் கறுப்பைத்தான் பார்க்கும், உங்கள் வீட்டுக் கடன் பைல்களை அல்ல.

இன்னொரு கைவேலை, இதை நிறையப் பேர் செய்வதில்லை. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் இரண்டு திரைப் பெட்டிகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்காமல், ஒன்றின் மேல்முனை மற்றதன் கீழ்முனையைத் தொடும்படி மூலைக்கு மூலை நகர்த்துங்கள். மவுஸ் அம்பு அந்த ஒரு மூலை வழியாக மட்டுமே அடுத்த திரைக்குப் போக முடியும். மணமகள் நெற்றியில் அம்பு வந்து நிற்காது.

மிக்சிங் மேசை மேடையிலிருந்து நூறடி தள்ளி இருக்கிறது. 30 மீட்டர் எச்டிஎம்ஐ ஒயர் வாங்கினேன். படம் வருகிறது, போகிறது. ஏன்?
*எல்இடி திரை வாடகைக்கு விடுபவர், காட்டூர்*

செம்புக் கம்பி எச்டிஎம்ஐக்கு 1080 படத்தில் பத்து மீட்டர் வரை தைரியமாகப் போகலாம். அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டரும் கடன் வாங்கிய மீட்டர். பழைய விஜிஏ என்றால் தூரம் கூடக் கூடப் படம் மெல்ல மங்கும். எச்டிஎம்ஐ கடைசிவரை பளிச்சென்று இருந்துவிட்டு, எல்லை தாண்டியதும் மின்னி மின்னிக் காணாமல் போகும். சாயங்காலம் சோதித்தபோது வந்த படம், ஏசி ஓடி, ஜெனரேட்டர் மாறி, யாரோ ஒயரை மிதித்த பிறகு வராது.

நூறடிக்கு எஸ்டிஐ போங்கள். டிவி நிலையங்கள் ஓட்டும் அதே வட்டக் கம்பி. நல்ல ஒயரில் 1080 படம் நூறு மீட்டர் பக்கம்கூடப் போகும், முனை திருகிப் பூட்டிக்கொள்ளும், குழந்தை இழுத்தால் கழன்று வராது. இரண்டு முனையிலும் சின்ன மாற்றிப் பெட்டி வேண்டும், அவ்வளவுதான். ஒளியிழை எச்டிஎம்ஐயும் நல்லது. ஆனால் அதற்குத் திசை உண்டு. ஒரு முனை லேப்டாப்புக்கு, மறுமுனை திரைக்கு என்று எழுதியிருக்கும். திருப்பிப் போட்டால் ஒன்றும் வராது. முழங்கையில் சுற்றிச் சுருட்டினால் உள்ளே இழை முறிந்துவிடும். தயவுசெய்து பெரிய வளையமாகச் சுருட்டுங்கள்.

நடைபாதையைக் கடக்கும் ஒயர் மேல் அகல டேப் ஒட்டுவது மிக்சிங் வேலையின் பாதி. சீர்வரிசைத் தட்டோடு வரும் பெண்கள் கீழே பார்த்து நடக்க முடியாது.

திரை வாடகைக்காரர் தெளிவான எல்இடி என்கிறார். 4கே-யில் அனுப்பினால் இன்னும் தெளிவாக இருக்குமா?
*மாப்பிள்ளையின் அண்ணன், பாலக்கரை*

இருக்காது. பி 3.91 என்று சொல்லும் திரையில் அரை மீட்டர் பலகைக்கு 128 புள்ளிகள். குறுக்கே ஏழு பலகை, உயரத்துக்கு நாலு பலகை வைத்தால் 896க்கு 512 புள்ளிகள். முழு எச்டிகூட இல்லை. நீங்கள் 4கே அனுப்பினாலும் திரையை இயக்கும் பெட்டி அதைக் குறைத்துத்தான் காட்டும். லேப்டாப் மட்டும் வீணாகச் சூடாகும். அந்தப் பணத்தில் மணமேடைக்கு நல்ல விளக்கு இரண்டு போடுங்கள்.

கை வீசினால் படம் விட்டு விட்டுத் தெரிகிறது. பின்னணி விளக்குகளில் பட்டை பட்டையாக ஓடுகிறது. கேமரா கோளாறா?
*உதவி கேமராமேன், உறையூர்*

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். லேப்டாப் பிறந்த ஊர்ப் பழக்கம் 60. இந்த இரண்டும் சண்டை போடுவதைத்தான் பார்த்திருக்கிறீர்கள். கேமராக்களை எல்லாம் 25 அல்லது 50 பிரேமில் வையுங்கள், ஷட்டர் 1/50 அல்லது 1/100. பட்டைகள் பெரும்பாலும் போய்விடும். அடுத்து மிக்சிங் மென்பொருளும் அதே எண்ணில் ஓடட்டும். கடைசியாக, வெளித் திரைக்கு லேப்டாப் அனுப்பும் வேகத்தை 60இலிருந்து 50 ஆக்குங்கள். திரைப் பெட்டி ஏற்றுக்கொண்டால் அசைவு வழவழவென்று ஆகிவிடும். ஐம்பதை அறுபதாக்க லேப்டாப் ஒவ்வொரு ஐந்து பிரேமுக்கும் ஒன்றை இரண்டு தடவை காட்டுகிறது. அந்தத் தடங்கல்தான் கை விட்டு விட்டு அசைவது.

பேசுபவரின் வாய் அசைவது சத்தத்துக்குப் பிறகு வருகிறது. முன்வரிசையில் சிரிக்கிறார்கள். பின்வரிசையில் ஒருவரும் சொல்லவில்லையே, ஏன்?
*பட்டிமன்ற அமைப்பாளர், ஸ்ரீரங்கம்*

அருமையான கேள்வி; இதற்குப் பதில் சொல்ல எனக்கு ரொம்பப் பிடிக்கும். கேப்சர் கார்டு, மென்பொருள், எல்இடி பெட்டி, ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு பிரேமைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சேர்த்தால் நாலு பிரேம் பிந்துவது சகஜம். 25 பிரேம் கணக்கில் அது 160 மில்லி செகண்ட். சத்தமோ நொடிக்கு 340 மீட்டர்தான் போகும். முன்னால் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து முப்பது மீட்டர் தள்ளி இருப்பவர் காதுக்கு வர 90 மில்லி செகண்ட் ஆகிவிடும். அதாவது பாதிப் பிசகைக் காற்றே சரி செய்துவிடுகிறது. கடைசி வரிசைக்கு இயற்கையே ஒரு கை கொடுக்கிறது.

முன்வரிசைக்காக இதைச் செய்யுங்கள்: நடுவில் இருக்கும் தேவையற்ற பெட்டிகளை எடுங்கள், கேமராவை 50 பிரேமுக்கு மாற்றினால் ஒவ்வொரு பிரேமும் பிடித்து வைக்கும் நேரம் பாதியாகும், முகத்தை மட்டும் நெருக்கிக் காட்டாமல் இடுப்பளவு வையுங்கள். யூடியூபுக்குப் போகும் ஒலியை மட்டும் ஓபிஎஸ்ஸில் தாமதப்படுத்திப் பொருத்திவிடலாம்.

எச்டிஎம்ஐ ஒயரைத் தொட்டால் ஜிவ்வென்று இழுக்கிறது. பழகிவிட்டது. பரவாயில்லையா?
*பந்தல் வேலையில் இருப்பவர், காட்டூர்*

பரவாயில்லை என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். எல்இடி திரை ஜெனரேட்டரில், லேப்டாப் மண்டபத்து லைனில், இரண்டுக்கும் எர்த் வேறு வேறு என்றால், அந்த வித்தியாசம் மெல்லிய வீடியோ ஒயர் வழியாகப் பாயும். துளை கருகும், கையும் கருகலாம். மிக்சிங் மேசையும் திரைப் பெட்டியும் ஒரே லைனில், சரியான எர்த்தோடு, மூன்று முள் பிளக்கில் இருக்க வேண்டும். எர்த் முள்ளை உடைத்து இரண்டு முள் துளையில் சொருகும் வழக்கத்தை இன்றோடு விடுங்கள். ஜிவ்வென்றால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். முகூர்த்தம் காத்திருக்காது, சரி. வீட்டில் உங்களுக்காகக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்களே.

வைகுண்ட ஏகாதசி அன்று வெளியே வைத்திருக்கும் பெரிய திரையில் நம்பெருமாளைச் சேவித்தால் போதுமா?
*வாசகி, திருவானைக்காவல்*

புண்ணியக் கணக்கைப் பட்டரிடம் கேளுங்கள் அம்மா. பார்க்கிற கணக்கை நான் சொல்கிறேன். ஸ்ரீரங்கம் கோயில் 156 ஏக்கர், ஏழு பிராகாரம். விடியும் முன் இருட்டில் ரத்னங்கியோடு பெருமாள் புறப்படும்போது பரமபத வாசல் பக்கம் நிற்க இடம் கிடைப்பது கொஞ்சம் பேருக்குத்தான். மீதி எல்லோருக்கும் கண் அந்தத் திரைதான்.

அதனால் திரையை இயக்குபவருக்கு என் வேண்டுகோள்: கேமராவின் ‘ஆட்டோ’வை அணையுங்கள். கறுத்த இருட்டில் ரத்தினம் மின்னினால் ஆட்டோ குழம்பிப்போய், ஒன்று பெருமாளை வெளுக்கும், இல்லை கூட்டத்தை முழுங்கும். வாசல் திறக்கும் நேரத்தில் கேமரா மாற்றாதீர்கள். ஆகாயத்திலிருந்து ஒரு காட்சி, கோபுரத்திலிருந்து ஒரு காட்சி என்று வெட்டாதீர்கள். கை கூப்பி நிற்பவர் கண்ணை மூடித் திறப்பதற்குள் பெருமாளைப் பறித்துவிடக் கூடாது.

மிக்சிங் கற்றுக்கொள்ள எத்தனை நாள் ஆகும்?
*மாணவி, காட்டூர்*

பொத்தானை அழுத்த ஒரு நாள். அழுத்தாமல் இருக்க மூன்று முகூர்த்த சீசன்.

ஒரே லேப்டாப்பை நம்பிக் கல்யாணத்தில் இறங்கலாமா?
*புதிதாகத் தொழில் தொடங்குபவர், காட்டூர்*

ஸ்டெப்னி இல்லாமல் காரை எடுப்பீர்களா? நடுக் கேமராவிலிருந்து ஒரு கம்பி லேப்டாப்பைத் தொடாமல் நேராகத் திரைப் பெட்டிக்குப் போகட்டும். திரைப் பெட்டியில் இரண்டாவது உள்வழி இருந்தால் அதிலேயே சொருகலாம். இல்லையென்றால் நடுவில் ஒரு சின்ன செலக்டர் போடுங்கள். லேப்டாப் உறைந்தால் ஒரு பொத்தானில் கேமரா நேரடியாக வரும். ஒருமுறை மாங்கல்யதாரணத்துக்கு முன் லேப்டாப் தானாக ரீஸ்டார்ட் ஆனபோது, அந்த ஒரு கம்பிதான் என்னைக் காப்பாற்றியது. கூட்டத்துக்கு எதுவும் தெரியாது.

முகூர்த்தம் ஆறு மணிக்கு என்றால் நாலரைக்குத் திரை ஒளிர்ந்திருக்க வேண்டும். முதலில் திரையைப் போடுங்கள், பிறகு லேப்டாப்பை. அப்போதுதான் திரையின் அளவை லேப்டாப் சரியாகத் தெரிந்துகொள்ளும். எல்லாம் முடிந்ததும் மேசையை விட்டு எழுந்து கடைசி வரிசைக்குப் போய், அந்தப் பாட்டி உட்காரப்போகும் நாற்காலியில் உட்காருங்கள். அங்கிருந்து மணையில் வைத்திருக்கும் தேங்காயின் குடுமி தெரிந்தால், எழுந்து போய் காபி குடிக்கலாம்.