ரகசியம் ரோட்டுல போகுது

துரைமாரே, லண்டன்ல பாதுகாப்பு அமைச்சகத்துல உக்காந்து நாட்டைக் காக்குற உங்களுக்கு, கோவில்பட்டிக்கு மேக்க கரிசக்காட்டுல பருத்தி எடுத்த கிழவன் புத்தி சொல்ல வந்துட்டானேன்னு கோவிச்சுக்கிடாதீக. பேத்தியைப் பாத்துக்கிட ஆள் வேணும்னு மக கூப்பிட்டா, ரெடிங் ஊருக்கு வந்து சேர்ந்தேன். வந்து விசாரிச்சா, வீட்டுக்குத் தென்மேக்க கூப்பிடு தூரத்துலதான் பர்க்ஃபீல்ட். உங்க அணுகுண்டைக் கோக்கிறதும் பிரிக்கிறதும் அங்கதானாம். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனா ஆல்டர்மாஸ்டன். அது குண்டுக்கு வேண்டிய சாமான் செய்ற பட்டறை. ஆக, நாம அக்கம்பக்கத்துக்காரக ஆயிட்டோம். அக்கம்பக்கத்துக்காரன் நாலு வார்த்தை பேசலாம்ல?

எனக்கு விளங்காத ஒண்ணைக் கேட்டுட்டுத் தொடங்குதேன். குண்டு செய்ற இடத்தைத் தெக்க வச்சீக, அதைச் சேத்து வைக்கிற இடத்தை வடக்க வச்சீக. ஸ்காட்லாந்துல லாங் கடற்கழி ஓரம் கூல்போர்ட்ல கிட்டங்கி. பக்கத்துல ஃபாஸ்லேன்ல நாலு நீர்மூழ்கி: வான்கார்ட், விக்டோரியஸ், விஜிலன்ட், வெஞ்சன்ஸ். டிரைடன்ட் ஏவுகணையை அமெரிக்காக்காரக கிட்ட, ஜார்ஜியா வரைக்கும் போய் ஏத்திக்கிட்டு வாரீக. அதோட தலையில வைக்கிற குண்டு மட்டும் உங்க சொந்தக் கைவேலை. கைவேலைன்னா அப்பப்பப் பிரிச்சுப் பாக்கணும், மாத்த வேண்டியதை மாத்தணும். அதனால வருசத்துல சில தடவை அதை லாரியில ஏத்தி, 700 கிலோமீட்டருக்கு மேல, எல்லாரும் போற ரோட்டுல கொண்டு போறீக. அப்புறம் திருப்பிக் கொண்டு வாரீக. ஹிரோஷிமாவுல விழுந்தது சுமார் 15 கிலோடன். உங்களோடது ஒவ்வொண்ணும் சுமார் 100 இருக்கும்கிறாக. இதை ஏத்திக்கிட்டு எம்6 ரோட்டுல, ஐஸ்கிரீம் வாங்கப் போற குடும்பத்துக்குப் பக்கத்து வரிசையில ஓட்டுதீகளே, அந்தத் தைரியத்தை நான் மெச்சுதேன்.

அதை விடப் பெருசு உங்க ரகசியம். கரும்பச்சை லாரி மூணு நாலு. முன்னயும் பின்னயும் போலீசு மோட்டார் சைக்கிள். துப்பாக்கி வச்ச ஆளுக நிறைஞ்ச வேன். சொந்தமா ஒரு தீயணைப்பு வண்டி. லாரி படுத்துக்கிட்டா இழுத்துட்டுப் போக இன்னொரு பெரிய வண்டி. மொத்தக் கான்வாயும் இருபது வண்டிக்குப் பக்கம். சந்திக்குச் சந்தி மத்த வண்டியெல்லாம் நிக்கணும். இவ்வளவும் போன பிறகு, உள்ள என்ன இருந்துச்சுன்னு ஒருத்தன் கேட்டா, 'அணு ஆயுதம் இருக்குன்னும் சொல்ல மாட்டோம், இல்லைன்னும் சொல்ல மாட்டோம்' அப்டிங்கீக. எங்க ஊர்ல பங்குனித் தேரை நாலு ரதவீதியும் சுத்தி இழுத்து நிலையில கொண்டாந்து நிறுத்திட்டு, உள்ள சாமி இருந்துச்சா இல்லையான்னு சொல்ல மாட்டேன்னு தர்மகர்த்தா வாயைப் பொத்திக்கிட்டா எப்படி இருக்கும்? வடம் பிடிச்சவன்லாம் கையைப் பாத்துக்கிட்டு நிப்பான்.

உங்களுக்கு இது புதுசும் இல்ல. 1983 நவம்பர்ல அமெரிக்காக்காரக குரூஸ் ஏவுகணையைக் கொண்டாந்து கிரீன்ஹாம் காமன்ல இறக்குனாகல்ல? அதுவும் இந்த பெர்க்‌ஷயர் ஜில்லாதான். மாப்பிள்ளை கார்ல கூட்டிட்டுப் போய்க் காட்டுனாக, இப்ப அங்க ஜனங்க நாயைக் கூட்டிக்கிட்டு நடக்காக. அப்ப என்ன பேச்சுப் பேசுனாக தெரியுமா? சண்டைன்னு வந்தா ஏவுகணை வண்டியெல்லாம் ராத்திரியோட ராத்திரியா வெளிய கிளம்பி, கிராமத்துக் காட்டுக்குள்ள கரைஞ்சு போயிடும், எதிரி கண்ணுல படவே படாதுன்னாக. சரின்னு ஒத்திகைக்குக் கிளம்புனாக. ஒரு கான்வாய்க்கு 22 வண்டி. வாசல்லயே 1981-லேர்ந்து கூடாரம் போட்டுப் பொம்பளைக உக்காந்திருக்காக. கதவு திறந்ததும் ஒருத்தி போன் பண்ணுவா, அவ ரெண்டு பேருக்குச் சொல்லுவா, அந்த ரெண்டு பேர் நாலு பேருக்கு. சாலிஸ்பரி சமவெளிக்குப் போற ரோட்டுல ஒவ்வொரு முக்குலயும் பழைய காரை நிறுத்திக்கிட்டு ஆளுக. 'குரூஸ்வாட்ச்'னு அவுகளுக்குப் பேரு. கான்வாய் எங்க போச்சோ அங்கல்லாம் பின்னாலயே போனாக. பள்ளிக்கூட டீச்சரும் பாதிரியாரும் ஓட்டைக் காரை வச்சுக்கிட்டுக் கண்டுபிடிக்கிறதை, சோவியத்துக்காரன் கண்டுபிடிக்க மாட்டான்னு நம்பி நீங்க கோடி கோடியாக் கொட்டுனீக. 1991-ல கடைசி ஏவுகணையும் ஊரைப் பாத்துப் போயிருச்சு. அது வல்லரசு ரெண்டும் 1987-ல போட்ட ஒப்பந்தத்தால வந்த வினை, கிழவிகளால இல்லைன்னு நீங்க சொல்லுவீக. சரி, அப்படியே வச்சுக்கிடுவோம்.

இப்ப உங்க லாரிக்குப் பின்னால போறவுக பேரு 'நியூக்வாட்ச்'. அவுகளும் சம்பளம் வாங்காத ஆளுகதான். பிளாஸ்க்ல தேத்தண்ணி, கையில நோட்டு. பர்க்ஃபீல்ட் கேட் எப்பத் திறந்துச்சு, எத்தனை லாரி, பாலத்துக்கு அடியில எத்தனை மணிக்குப் போச்சு, எல்லாம் எழுதி வச்சிக்கிடுதாக. ஃபாஸ்லேன்லயோ, 1982-லேர்ந்து கேட்டுக்கு எதுத்தாப்புல கேரவன் போட்டுக் குடியே இருக்காக. 2016-ல ஸ்டர்லிங் ஊர்ல ரெண்டு பேர் கான்வாய்க்கு முன்னால போய் நின்னு, குண்டு வண்டியை நடுத்தெருவுலயே நிறுத்திப்புட்டாக. அவுக போராட்டத்துக்கு வந்தவுக, நல்லதாப் போச்சு. வேற நெனப்போட எவனாச்சும் வந்திருந்தா? தீவிரவாதிக்குத் தெரியக் கூடாதுன்னுதான் ரகசியம்கீக. தீவிரவாதி ஒரு பிளாஸ்க்கும் நோட்டும் வாங்கத் துப்பில்லாதவனா இருப்பான்னு எந்தத் துரை கணக்குப் போட்டாரோ, அவரை நான் ஒருக்காப் பாக்கணும்.

யாருக்குத் தெரியாது, அதைக் கேளுங்க. கான்வாய் போற வழியில இருக்குற நகராட்சிக்கு, இன்ன நாள் வாரோம்னு நீங்க முன்கூட்டிச் சொல்றதில்ல. போலீசுக்கு மட்டும் சொல்லுதீக. ஆனா ஒண்ணு நடந்துருச்சுன்னா ஜனங்களைப் பள்ளிக்கூடத்துல கொண்டு போய் வச்சு, கஞ்சி ஊத்தி, போர்வை குடுக்க வேண்டியது அந்த நகராட்சிதான்! பெட்ரோல் டேங்கர் லாரி முதுகுல ஆரஞ்சுக் கலர்ல ஒரு பலகை போட்டிருக்கு. அதுல 1203-னு எழுதியிருக்கும். மாப்பிள்ளை காட்டித்தான் எனக்கே தெரியும். அந்த நம்பரைப் பாத்தா உள்ள பெட்ரோல்னு தீயணைப்புக்காரருக்குத் தெரியும், எதைப் பீய்ச்சணும், எவ்வளவு தள்ளி நிக்கணும்னு அவரு பாத்துக்கிடுவாரு. பெட்ரோலுக்கு இவ்வளவு ஒழுங்கா இருக்குற ராச்சியம் இது. உங்க லாரிக்குப் பக்கத்துல முதல்ல ஓடி வர்ற ஆளு எதைப் பாத்துத் தெரிஞ்சுக்கிடணும்? 'விபத்துன்னா கான்வாய் அதிகாரியே வாய்விட்டுச் சொல்லிருவாரு'ன்னு எழுதி வச்சிருக்கீக. நல்ல ஏற்பாடு. அடிபடுறது அந்த அதிகாரியா இருக்கக் கூடாதுன்னு உங்க ஊர் மாதா கோயில்லயும் எங்க ஊர் அய்யனார்கிட்டயும் ஒரு வேண்டுதல் போட்டு வைப்போம்.

விபத்தெல்லாம் வராதுங்கீக. வந்துருக்கே துரைமாரே. 1987 ஜனவரி 10. வில்ட்‌ஷயர்ல வெஸ்ட் டீன்னு ஒரு கிராமம். ரோடெல்லாம் உறைபனி. கான்வாய்ல வந்த லாரி ஒண்ணு சறுக்கி, ரோட்டை விட்டு இறங்கி, வயல்ல ஒருக்களிச்சுப் படுத்துக்கிடுச்சு. உள்ள டபிள்யூஇ 177-ங்கிற அணுகுண்டு. லாரியைத் தூக்கி நிமித்தப் பொழுது அடங்கி விடிஞ்சிருச்சு. ஊர்க்காரன் பூரா வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு வேடிக்கை பாக்கான், துப்பாக்கிச் சிப்பாய் சுத்தி நிக்கான், விளக்குப் போட்டு கிரேன் வருது. அப்பவும் உங்க வாயில அதே பாட்டுதான், இருக்குன்னும் சொல்ல மாட்டோம், இல்லைன்னும் சொல்ல மாட்டோம். பல வருசம் கழிச்சு 2003-ல அமைச்சகம் வெளிய விட்ட விபத்துப் பட்டியல்லதான் உண்மை வெளிய வந்துச்சு. உறைபனியில லாரி ஓட்டாதீகன்னு சொல்ல அணுவிஞ்ஞானி வேணுமா? எங்க ஊர்ல உறைபனியே கிடையாது. மழை பேஞ்சா கரிசல்ல வண்டி இறங்காதுங்கிறது மட்டும் சின்னப் பயலுக்கும் தெரியும்.

அது பழைய கதைன்னு தள்ளுவீக. புதுசு கேளுங்க. 2000-லேர்ந்து 2016 வரைக்கும் உங்க கான்வாய்ல சின்னதும் பெருசுமா 180 கோளாறுன்னு, உங்க அமைச்சகத்துக்கிட்டயே தகவல் கேட்டு வாங்கி எழுதுனாக. மோதல், பிரேக் மக்கர், வண்டி நடுவழியில நின்னது. பிரேக் மக்கர்ங்கிறதை வாசிக்கையில மட்டும் நான் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சிட்டு மறுபடியும் வாசிச்சேன்.

அதெல்லாம் இருந்தாலும் குண்டு வெடிக்காதுன்னு உங்களுக்கு நம்பிக்கை. ஒரு கணக்கும் போட்டு வச்சிருந்தீக, 2006-ல வெளிய வந்துருச்சு. குண்டு தானா அணுவெடியா வெடிக்கிறதுக்கு வருசத்துக்கு நூறு கோடியில 2.4 பங்குதான் வாய்ப்பாம். நான் அந்த ரெண்டை ஒத்துக்கிடுதேன். புள்ளி நாலைக் கண்டுபிடிச்சவரு எப்பேர்ப்பட்ட கணக்கப்பிள்ளையா இருப்பாரு! பிரேக் பிடிக்குமா பிடிக்காதான்னு தெரியாத வண்டிக்கு, தசமப் புள்ளி போட்டுக் கணக்கு. நிசமா நீங்களே பயப்படுறது வேற. மோதுன வேகத்துல தீப்பிடிச்சு, குண்டுக்குள்ள இருக்குற சாதா வெடிமருந்து வெடிச்சு, புளுட்டோனியம் தூளாப் பறக்கிறது. அதுக்குத்தான் விதி எழுதியிருக்கீக. முதல்ல 600 மீட்டர் சுத்தி இருக்குறவுக வெளியேறணும். அதுக்கு அப்பால, காத்து போற திசையில 5 கிலோமீட்டர் வரைக்கும், சன்னல் கதவைச் சாத்திக்கிட்டு வீட்டுக்குள்ளயே இருக்கணும்.

இதை நான் கேலி பண்ண மாட்டேன், நல்ல விதிதான். ஆனா கிளாஸ்கோவுல எட்டாவது மாடியில தனியா இருக்குற கிழவிக்கு இப்படி ஒரு விதி இருக்குன்னு யார் சொன்னாக? 2017-ல நியூக்வாட்ச்காரக ஸ்காட்லாந்து நகராட்சிகளைக் கேட்டுப் பாத்தாக. இந்தக் கான்வாய்ல ஆபத்து இருக்குன்னு தன் ஜனங்களுக்கு எடுத்துச் சொன்ன நகராட்சின்னு ஒண்ணு தேறல. கிழவி அன்னிக்குத் துணி காயப் போட்டிருப்பா. சன்னலும் திறந்து கிடக்கும்.

இந்த வித்தையில மத்தவுக உங்களை விடக் கெட்டிக்காரகன்னு நெனைச்சு மனசு விட்டுறாதீக. அமெரிக்காவுல முந்தி அணுகுண்டை ரயில்ல கொண்டு போனாக. ரயில் பூரா வெள்ளைப் பெயிண்ட். போராட்டக்காரக தண்டவாளத்துல உக்காந்து 'அந்தா வெள்ளை ரயில்'னு அடையாளம் சொல்லவும், 1980-கள்ல பெயிண்டை மாத்துனாக. அப்பவும் ஜனம் கண்டுபிடிச்சிருச்சு, காவல்காரனுக்குன்னே தனிப் பெட்டி வச்ச ரயில் வேற எது இருக்கு? அப்புறம் லாரிக்கு மாறுனாக. அந்த லாரிக்குக் காவலா போற ஆளுக 2007-லேர்ந்து 2009 வரைக்கும் குடிச்சுட்டுப் பண்ணுன சம்பவம் மட்டும் 16-ன்னு, அவுக எரிசக்தித் துறையோட சொந்த ஆய்வாளரே எழுதி வச்சாரு. பாகிஸ்தான்காரக அதுக்கும் மேல போயிட்டாக. சாதாரண டெலிவரி வேன்ல, கண்ணுக்குத் தெரியுற காவலே இல்லாம, போக்குவரத்தோட போக்குவரத்தாக் கொண்டு போறாகன்னு 2011-ல ஒரு அமெரிக்கப் பத்திரிகை எழுதுச்சு. பாகிஸ்தான் இல்லவே இல்லைன்னு மறுத்துருச்சு. மறுக்கவாச்சும் செஞ்சாக பாருங்க, அந்த வகையில உங்களை விட ஒரு படி மேலதான்.

புத்தி சொல்ல வந்தவன் வெறும் வாயா இருக்கக் கூடாது. மாப்பிள்ளையும் நானும் யோசிச்சோம். 'மாமா, கான்வாயே இல்லாட்டி எப்படி?'ன்னு அவுக கேட்டாக. 'குண்டைப் பிரிக்கிறதுன்னா பர்க்ஃபீல்ட் வரைக்கும் ஒருவழியாக் கொண்டு வந்தாப் போதுமே, திரும்பக் கொண்டு போகவே வேண்டாமே'ன்னாக. நான் வாயைப் பொத்துனேன். சின்ன வயசு, துரைமாருக்குக் கோவம் வரும்னு தெரியல. நீங்களோ எதிர்த் திசையில போறீக. குண்டைக் குறைச்சுக்கிட்டே வாரோம், 180-க்குக் கொண்டு வருவோம்னு சொல்லிக்கிட்டு இருந்தவுக, 2021 மார்ச்ல உச்சவரம்பை 260-க்கு ஏத்திட்டீக. புதுசா ஒரு குண்டும் செய்யப் போறீகளாம். அப்ப லாரிக்கு இன்னும் வேலை இருக்கு. நல்ல பிரேக் ஷூவா வாங்கிப் போடுங்க. அதுல மிச்சம் பிடிக்காதீக.

கடைசியா ஒரு சொந்த விசயம். வர்ற லீவுக்கு மகளும் மாப்பிள்ளையும் லோமண்ட் ஏரி பாக்கப் போகணும்கிறாக. பிள்ளையும் கிழவனும் பின் சீட்டுல. எம்6 பிடிச்சு, எம்74 ஏறி, கிளாஸ்கோ தாண்டிப் போகணும். அந்த வழி உங்க லாரிக்காரனுக்கு மனப்பாடம். நீங்க என்னிக்கி வாரீகன்னு நான் கேக்க மாட்டேன், அது ராஜ்ய ரகசியம். நான் ஒவ்வொரு தேதியாச் சொல்லுதேன். ஆகாத தேதி வந்தா நீங்க ஒரு இருமல் இருமுங்க. இருமுனது நீங்கதான்னும் ஒத்துக்கிட வேண்டாம், இல்லைன்னும் மறுக்க வேண்டாம். முதல்ல, ஆகஸ்ட் ரெண்டாவது சனிக்கிழமை...