கிரயம் வாங்க வந்த கனவான்

ஜீவனாம்சம் கோரும் மனைவி, பாகம் கேட்கும் தம்பி, செக் திரும்பி வந்த வியாபாரி என்று வக்கீல் வீட்டுப் படியேறுகிறவர்கள் பல ரகம். அத்தனை பேரும் ஏதேனும் ஒரு கஷ்டம் பிடரியைப் பிடித்துத் தள்ள வருகிறவர்கள். கஷ்டம் எதுவும் இல்லாமல், முகத்தில் மலர்ச்சியும் மஞ்சள் பை நிறைய ஜெராக்ஸ் பிரதிகளுமாக வந்து, "சும்மா ஒரு பார்வை பார்த்துச் சொல்லிடுங்க சார்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருகிற பிரகிருதி ஒருவர்தான் உண்டு. அவர் மனை வாங்கப் போகிற கனவான்.

அவரை அஜாக்கிரதைக்காரர் என்று யாரும் அபவாதம் சொல்ல முடியாது. வாஸ்து நிபுணரைக் காரில் அழைத்துச் சென்று ஈசானிய மூலை நீண்டிருக்கிறதா, குறுகியிருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்திருப்பார்; நீரோட்டம் பார்க்கிறவரை உள்ளங்கையில் தேங்காயோடு மனையின் நீள அகலம் முழுவதும் நடக்கவிட்டிருப்பார்; பஸ் ஸ்டாண்டு எத்தனை தூரம், பள்ளிக்கூடம் எத்தனை தூரம் என்று விசாரித்து, ஊரிலிருக்கும் மைத்துனருடைய சம்மதத்தையும் பெற்றிருப்பார். இவ்வளவும் முடிந்து, முன்பணமும் கைமாறி, பத்திரப்பதிவுக்கு நாளும் குறித்தான பின்பு, விற்கிறவருக்கு அந்த மனை சொந்தம்தானா என்கிற ஒரு சில்லறை விஷயம் மட்டுமே பாக்கி நிற்பதால், அதையும் முடித்துக்கொண்டு போய்விடலாம் என்று வக்கீலிடம் வந்திருக்கிறார்.

வந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வியே எதிரில் இருப்பவருடைய பிழைப்பைப் பற்றியதாக இருக்கும். "இதுக்கு வக்கீல்னு ஒருத்தர் அவசியமா சார்? பத்திரம் எழுதறவரே எல்லாம் பாத்துக்கறேன்னு சொல்றாரே!"

வக்கீல் கோபித்துக்கொள்வதில்லை. பத்திர எழுத்தர் தம் தொழிலில் கெட்டிக்காரர். நான்கெல்லையும் பிசகாமல், 'மேற்படி' 'மேற்படியாரின்' என்ற பதங்களை வேண்டிய இடங்களில் பெய்து எழுதித் தருவார். ஆனால் அவர் எழுதிக் கொடுப்பவருக்கும் எழுதி வாங்குபவருக்கும் பொதுவான மனிதர். சொன்ன பாத்தியதையை எழுதுவது அவர் வேலை, அது மெய்யா என்று துருவுவது அவர் வேலையன்று. சப் ரிஜிஸ்திரார் பார்த்துக்கொள்வார் என்றாலோ, 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி அவர் பதிவு செய்வது சாசனத்தை. சொத்தின் உரிமையை ஆராய்வது அவருடைய அதிகாரத்தில் சேராது என்று உச்ச நீதிமன்றம் 2025-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. உரிமையையே பதிவு செய்து அதற்கு அரசாங்கம் பிணையும் நிற்கிற இங்கிலாந்தில்கூட, தமக்கென்று ஒரு சொலிசிட்டரையோ கன்வேயன்சரையோ அமர்த்திக்கொள்ளாமல் வீடு வாங்குகிறவர் அபூர்வம். இதையெல்லாம் வக்கீல் சாவகாசமாக எடுத்துரைக்க, கனவான் மெத்த மரியாதையோடு தலையாட்டிக் கேட்டுவிட்டு, இரண்டாவது கேள்விக்குத் தாவுகிறார்: "எவ்வளவு ஆகும் சார்?"

மனையின் மதிப்பு ஐம்பது லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7 வீதம் மூன்றரை லட்சம். பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2 வீதம் ஒரு லட்சம். இந்த நாலரை லட்சத்தைப் பற்றி அவருக்கு யாதொரு ஆட்சேபணையும் கிடையாது, ஏனெனில் அங்கே பேரம் செல்லாது. தரகருக்கு வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தாயிற்று. வக்கீல் தமது தொகையைச் சொன்னதும்தான் அவருடைய பொருளாதார ஞானம் விழித்துக்கொள்ளும். "பேப்பரைப் பாக்கத்தானே சார் போறீங்க?" என்று தொடங்கி, வில்லங்கம் ஒன்றும் இல்லாவிட்டால் வேலையே இல்லையாகையால் பீஸ் குறையாதா என்றும், வில்லங்கம் இருந்துவிட்டால் மனையையே வாங்கப் போவதில்லையாகையால் பீஸ் எதற்கு என்றும், தர்க்க சாஸ்திரிகளும் பிரமிக்கும்படி இரண்டு பக்கத்தையும் அடைத்துவிடுவார்.

அடுத்தபடியாக, தமது தரப்புச் சான்றுகளை ஒவ்வொன்றாக மேஜைமீது பரப்புவார். "முப்பது வருஷத்துக்கு ஈ.சி. போட்டாச்சு சார். க்ளீன்!" ஈ.சி. என்கிற வில்லங்கச் சான்று பதிவான சாசனங்களை மாத்திரம் சொல்லும். பதிவாகாத ஏற்பாடுகளும், வாய்மொழியாக முடிந்த பாகப்பிரிவினையும் அதில் ஏறுவதில்லை. பதிவு செய்த உயிலுக்கும் பதிவு அலுவலகத்தில் தனிப் புத்தகம் உண்டு. கோர்ட்டில் நடக்கிற வழக்கைக்கூட அது அநேகமாகக் காட்டிக் கொடுக்காது. "பட்டா அவர் பேர்லேயே இருக்கு சார்." பட்டா வருவாய்த் துறையின் கணக்கு, அது ஒன்றே உடைமைக்கு ருசு ஆகாது என்று நீதிமன்றங்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டன. "பேங்க்கே லோன் தர்றேன்னுட்டான் சார்." பாங்கிக்கு மனை போனாலும் சம்பளம் இருக்கிறது, ஜாமீன்தாரர் இருக்கிறார், மனை போனால் கனவானுக்கு வேறு மனை இல்லை. "அவங்க வக்கீல் பாத்துட்டாராம் சார்." விற்கிறவருடைய வக்கீல் விற்கிறவருக்காகத்தான் பார்ப்பார்.

அசல் பத்திரம் எங்கே என்று வக்கீல் கேட்டால் மட்டும் ஒரு மௌனம். "பீரோல இருக்காம் சார். பதிவு அன்னிக்குக் கொண்டு வந்துடறேன்னாரு." பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்குகிற வழக்கத்துக்கு 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது என்பதும், பீரோ சில சமயங்களில் பாங்கிக்குள் இருக்கும் என்பதும் அவருக்குத் தெரியாது.

வக்கீல் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூலப்பத்திரத்திலிருந்து வரிசையாகப் படிக்கத் தொடங்குகிறார். 1974-இல் ஒரு பெரியவர் சுயார்ஜிதமாக வாங்கிய மனை. உயில் எழுதாமல் 1998-இல் காலமாகிவிட்டார். 2016-இல் அவருடைய மனைவியும் இரண்டு குமாரர்களும் சேர்ந்து இப்போது விற்கிறவருக்குக் கிரயம் செய்து கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் ஒழுங்காகவே போகிறது. 2016-ஆம் வருஷத்துப் பத்திரத்தின் இரண்டாம் பக்கத்தில் பென்சில் நிற்கிறது. 'எங்கள் சகோதரியின் விவாகத்துக்காக ஏற்பட்ட கடனைத் தீர்க்கும் பொருட்டு' என்று, தங்கள் பாசத்தைப் பிற்காலத்தார் அறியவேண்டுமென்றோ என்னவோ, அண்ணன்மார் தாமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

"சகோதரி கையெழுத்து எங்கே?" என்கிறார் வக்கீல்.

"அந்தப் பொண்ணுதான் கல்யாணமாகிப் போயிடுச்சே சார்!"

தகப்பனாருடைய சுயார்ஜிதத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்று 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்லி ஏறக்குறைய எழுபது வருஷமாகிறது. தாய், இரண்டு மகன், ஒரு மகள் என்றால் மனையில் கால் பாகம் அந்த அம்மாளுடையது. கல்யாணத்தினால் அது கரைந்துவிடாது. வக்கீல் இதை விளக்குகிறார்.

"கேக்க மாட்டாங்க சார். ரொம்ப நல்ல குடும்பம்."

"அப்படியானால் கையெழுத்துக் கேட்பதிலும் சிரமம் இராதே. உங்கள் கிரயப் பத்திரத்தில் அந்த அம்மாளும் சேர்ந்து கையெழுத்துப் போடட்டும்."

கனவானின் முகம் வாடுகிறது. "வெள்ளிக்கிழமை நல்ல முகூர்த்தம் சார், டோக்கன் போட்டாச்சு" என்கிறார். வாழ்நாள் சேமிப்பையும் மனைவியின் நகையையும் மனசுக்குள் அந்த மண்ணில் ஏற்கெனவே கொட்டிவிட்ட மனிதருக்கு வேண்டியிருந்தது ஓர் ஆசீர்வாதம். வக்கீலிடம் கிடைப்பதோ அபிப்பிராயம். ஆகவே ஜெராக்ஸ் பிரதிகளைப் பையில் அடுக்கிக்கொண்டு, "யோசிச்சுட்டு வர்றேன் சார்" என்று எழுந்து, நல்ல வார்த்தையாகச் சொல்லக்கூடிய வேறொரு வக்கீலைத் தேடிப் புறப்படுகிறார். சில வருஷங்களுக்குப் பிற்பாடு கோர்ட்டுச் சம்மனோடு திரும்பி வரும்போது அவர் பீஸ் எவ்வளவு என்று கேட்பதில்லை.

வாசகர்களில் எவரேனும் மனை பார்த்துக்கொண்டிருந்தால் அவர்களுக்குச் சொல்லுவது இதுதான். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் வக்கீலிடம் போங்கள். அவர் விற்கிறவருடைய வக்கீலாக இல்லாமல் உங்களுடைய வக்கீலாக இருக்கட்டும். அசலைக் கண்ணால் பாருங்கள். விலை ஐம்பது லட்சமோ அதற்கு மேலோ ஆனால் நூற்றுக்கு ஒன்று வருமான வரி பிடித்துக் கட்டவேண்டியவர் நீங்கள்தான் என்பதை மறவாதீர்கள். பீஸைப் பற்றி அவசியம் கேளுங்கள், பேரமும் பேசுங்கள். ஆனால் அந்த வீட்டில் பெண்கள் எத்தனை பேர் என்பதை அதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.