‘கொம்ட் ஹூட்’ பேர்வழி

கூரை ஒழுகுகிறது என்று சொல்ல வாயெடுத்து, “கூரை” முடிந்து “ஒழு” வரை வருவதற்குள் “கொம்ட் ஹூட்” என்று பேச்சை முடித்துவிடுவார் இந்த நெதர்லாந்துப் பேர்வழி. எல்லாம் சரியாகிவிடும் என்று அர்த்தம். எது, எப்போது, யாரால் என்ற விவரமெல்லாம் அதில் கிடையாது. முகத்தில் புன்னகை உண்டு, தோளில் ஒரு தட்டல் உண்டு, காப்பியும் கூடவே ஒரே ஒரு பிஸ்கட்டும் உண்டு. ஒழுகல் அப்படியே உண்டு. இவரிடம் வேறு சரக்கும் இருக்கத்தான் செய்கிறது. காலை மிதித்துவிட்டால் பரவாயில்லை என்பதற்கு “ஹேஃப்ட் நிக்ஸ்”. பில் இரண்டு மடங்காக வந்தால் அவ்வளவு மோசமில்லை என்பதற்கு “ஃபால்ட் வெல் மே”. மூச்சிரைக்க ஓடிவந்தால் நிதானம் என்பதற்கு “ரஸ்டிஹ் ஆன்”. அவையெல்லாம் துணை நடிகர்கள். வீட்டுக்காரர், குழாய் ரிப்பேர்காரர், ஆபீஸில் பக்கத்து மேசைக்காரர் என எந்த வேடத்தில் இவர் வந்தாலும் கதாநாயகன் “கொம்ட் ஹூட்”தான்.

கேட்பவரைத் தேற்றுவதற்காக இதைச் சொல்கிறார் என்பது பொதுவான எண்ணம். உண்மையில் தேறுவது சொல்பவர்தான் என்பது என் கட்சி. நீங்கள் கொண்டுவந்த கவலை தன் தலையில் வேலையாக விழுந்துவிடுமோ என்று அவருக்கு உள்ளூர ஒரு பதற்றம். இரண்டே சொல்லில் அது தீர்ந்துபோகிறது. இதற்குச் சாட்சி அவருடைய ‘அஹெண்டா’, அதாவது நாட்குறிப்பு. நண்பரோடு ஒரு காப்பி குடிப்பதென்றாலும் அதைப் புரட்டி, மூன்று வாரம் தள்ளி, வியாழக்கிழமை மாலை நாலரை என்று குறித்துக்கொள்வார். லீவு எப்போது என்று கேட்டால் மாதத்தைச் சொல்லமாட்டார். “34ஆவது வாரம்” என்பார், கேட்டவர் காலண்டரை வைத்துக்கொண்டு எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். அத்தையின் பிறந்தநாள் தவறிவிடக் கூடாதென்று கழிப்பறைச் சுவரில், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே வருகிற மாதிரி, அதற்கென்றே அச்சடித்த பிறந்தநாள் காலண்டரை மாட்டிவைத்திருப்பார். இவ்வளவு தேதிப் பைத்தியம் பிடித்தவருக்கு உங்கள் கூரை விஷயத்தில் மட்டும் தேதி என்றால் என்னவென்றே தெரியாமல் போகிறது. 34ஆவது வாரமா? இல்லை. 35? அதுவும் இல்லை. செய்ய நினைக்கிற காரியம் அஹெண்டாவில் ஏறுகிறது; நினைக்காத காரியம் வாயோடு நின்றுவிடுகிறது.

மனசில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைக்கிற ஜனங்களாயிற்றே, அவர்களா பூசி மெழுகுவார்கள் என்று கேட்கலாம். பட்டென்று உடைப்பதெல்லாம் உங்களைப் பற்றி: உங்கள் புதுச் சட்டை எடுப்பாக இல்லை, உங்கள் குழம்பில் காரம் ஜாஸ்தி, நீங்கள் பேசுகிற டச்சு புரியவில்லை. இதையெல்லாம் சொல்ல அவருக்குக் கைக்காசு செலவில்லை. “இந்த வேலையை நான் செய்யப்போவதில்லை” என்று தன்னைப் பற்றி உடைக்க வேண்டிய இடத்தில்தான் நாக்கு வழுக்குகிறது. முடியாது என்று சொல்லிவிட்டால் கேட்டவர் அன்றைக்கே வேறு ஆளைப் பிடித்திருப்பார். நம்பவைத்துக் காக்கவைப்பது சிரித்த முகத்தோடு செய்தாலும் அயோக்கியத்தனம்தான்.

பதவி ஏற ஏற இந்தப் பழக்கமும் ஏறுகிறது. 2020 மார்ச்சில் கொரோனா பயத்தில் கழிப்பறைக் காகிதத்தை ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, பிரதமர் மார்க் ருட்டே ஹேக் நகரத்து சூப்பர் மார்க்கெட் ஒன்றுக்குப் போய், இருக்கிற சரக்கில் எல்லோரும் பத்து வருஷம் மலம் கழிக்கலாம் என்று அபயம் அளித்தார். அளவும் கெடுவும் தெளிவாக இருப்பதால் இதை உயர்ந்த ரக ஆறுதலாகவே மதிக்கிறேன். 1936 மார்ச் 11 அன்று பிரதமர் கோலைன் வானொலியில் சொன்னது அந்த ரகத்தில் சேராது. நாலு நாள் முன்புதான் ஹிட்லரின் படை ரைன்லாந்துக்குள் நுழைந்திருந்தது. இப்போதைக்குக் கவலைப்பட ஒன்றுமில்லை, மற்ற இரவுகளைப் போலவே நிம்மதியாகத் தூங்குங்கள் என்றார் அவர். 1940 மே 10 விடியற்காலையில் படை நெதர்லாந்துக்குள்ளேயே வந்தது. 14ஆம் தேதி ராட்டர்டாம் குண்டுவீச்சில் எரிந்தது. கோலைன் படையெடுப்புக்கு முந்தின ராத்திரி இப்படிப் பேசியதாகவே பின்னாளில் பேச்சு பரவிவிட்டது. பாவம், அவர் சொன்னது நாலு வருஷம் முன்னால். ஆனால் தேதி போடாமல் ஆறுதல் சொன்னால், கேட்டவர்கள் தங்கள் இஷ்டத்துக்குத் தேதி போட்டுக்கொள்ளத்தான் செய்வார்கள்.

நாட்டில் கால்பங்கு நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும்போது, இப்படி ஒரு சொல் இல்லாமல் அவர்கள் எப்படிக் கண்ணயர்வார்கள் என்று இவருக்காகப் பரிந்து பேசலாம். கேட்க நன்றாக இருக்கிறது, வரலாறு ஒத்துக்கொள்ளவில்லை. அந்த நாட்டைத் தண்ணீரிலிருந்து காத்தவர்கள் இவருடைய வகையறா கிடையாது. யோஹான் ஃபான் ஃபேன் என்ற பொறியாளர், கடற்கரைகளின் அணைகள் உயரம் போதாது, பெரும்புயலைத் தாங்காது என்று வருஷக்கணக்கில் கரடியாகக் கத்தினார். கிரேக்கப் புராணத்தில் யாரும் நம்பாத குறிசொல்லியின் பெயரில் ‘டாக்டர் கசாண்ட்ரா’ என்று புனைபெயரே வைத்துக்கொண்டார். 1953 ஜனவரி 31 இரவில் வட கடல் பொங்கி, நெதர்லாந்தில் மட்டும் 1,836 பேர் இறந்தார்கள். மூன்று வாரத்துக்குள் டெல்டா ஆணையம் அமைந்தது. அதற்குச் செயலாளர் அதே கசாண்ட்ராதான். பெருநகரங்கள் இருக்கிற ஹாலந்துப் பகுதிக்கு, 10,000 ஆண்டுக்கு ஒரு முறை வரக்கூடிய வெள்ளத்தையும் தாங்குகிற அளவில் காப்பு வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். பத்தாயிரம் ஆண்டுக்கு ஒரு முறை! இவரும் அதே மண்ணில் பிறந்தவர்தான்.

குடும்ப மருத்துவரை மட்டும் இந்த வழக்கிலிருந்து விடுவித்துவிடலாம். காய்ச்சல் என்று போனால் பாரசிட்டமால், ஓய்வு, “கொம்ட் ஹூட்”. ஊசி போடாதவரை டாக்டராகவே ஒத்துக்கொள்ளாத நம்மவர்கள் இதில் கொதித்துப்போவார்கள். ஆனால் சாதாரண ஜலதோஷம் தானாகவே போகக்கூடியது. ஐரோப்பாவில் ஆன்டிபயாடிக்கை மிகக் குறைவாக விழுங்குகிற நாடுகளில் நெதர்லாந்தும் ஒன்று. தவிர, நல்ல மருத்துவர் வாக்கியத்தை அங்கேயே விட்டுவிடுவதில்லை. இத்தனை நாளில் காய்ச்சல் இறங்காவிட்டால், மூச்சு வாங்கினால் திரும்பி வாருங்கள் என்று கெடு வைத்து அனுப்புகிறார். ஒன்றும் செய்ய முடியாத இடங்களிலும் இந்தச் சொல்லைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்த நாளில், தேறிய பிள்ளைகளின் வீட்டு முகப்பில் கொடிக்கம்பத்தில் கொடியும் கூடவே புத்தகப்பையும் தொங்கும். கொடி ஏறாத வீட்டுப் பையனின் முதுகில் தட்டி இவர் “கொம்ட் ஹூட்” என்கிறபோது தேதி கேட்பவன் மடையன்.

மற்ற இடங்களில் கேட்டே ஆகவேண்டும். எய்ந்தோவன், ஆம்ஸ்டெல்வேன் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் இவர் “கொம்ட் ஹூட்” என்றதும் நன்றி சொல்லி எழுந்துவிடாதீர்கள். எத்தனையாவது வாரம் என்று கேளுங்கள். எண்ணைச் சொன்னால் மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால் பிஸ்கட்டைச் சாப்பிட்டுவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.